கத்திரி வெயிலும் கத்தரிச் செடியும்: பசுமைக்குடில் பற்றிய வாசகர் கேள்விகள்

வீட்டு மொட்டைமாடியில் சிறிய பசுமைக்குடில் அமைத்துக் காய்கறி வளர்ப்பதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் பழைய வட ஆர்க்காட்டின் பல ஊர்களிலிருந்தும் அதற்குக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் ஒரே குறையை வெவ்வேறு சொற்களில் சொல்கின்றன என்பதால், முதல் கேள்விக்கு மட்டும் சற்று நீளமாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். என் மகன் இணையத்தில் காணொளிகளைப் பார்த்துவிட்டு, தை மாதத்தில் எங்கள் மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் இரும்புக் குழாய்கள் நிறுத்தி, கூரையிலும் நான்கு பக்கங்களிலும் பாலித்தீன் தாள் போர்த்தி ஒரு பசுமைக்குடில் கட்டிக் கொடுத்தான். தக்காளிச் செடிகள் மார்ச் நடுப்பகுதி வரை தோள் உயரத்துக்கு வளர்ந்தன. அதற்குப் பிறகு பூக்கள் காம்போடு உதிர்கின்றன, இலையின் ஓரம் கருகுகிறது. உரம் போதவில்லையா? (வாசகி, காட்பாடி)

பதில்: உரத்தில் குறை இருப்பதாகத் தெரியவில்லை, அம்மா. செடிகளுக்குக் காற்று போதவில்லை. பசுமைக்குடில் என்பது பனி பெய்யும் நாடுகளில் பிறந்த ஏற்பாடு. கண்ணாடியோ பாலித்தீனோ வெயிலை உள்ளே விடும். உள்ளே சூடேறிய காற்றை மேலே எழுந்து கலைந்து போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிரில் விறைத்துப்போகும் செடிக்கு அது போர்வை. நாம் இருப்பதோ கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதில் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களோடு போட்டி போடும் வேலூர்ப் பகுதி. வெயிலைச் சேமித்து வைக்க வேண்டிய தேவை நமக்கு மார்கழியில்கூட இல்லை. தை மாதத்தில் உங்கள் குடில் நன்றாக வேலை செய்தது போலத் தோன்றியதற்குக் காரணம், அந்த மாதத்தில் எப்படிக் கட்டியிருந்தாலும் தக்காளி வளரும் என்பதுதான்.

தக்காளியின் மகரந்தம் வெப்பத்துக்கு மிகவும் அஞ்சும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும்போதும், இரவு வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்காதபோதும் மகரந்தம் செயலற்றுப் போய்விடுவதால், பூ பிஞ்சாக மாறாமல் காம்பின் கணுவில் மஞ்சள் பூத்து உதிர்ந்துவிடும். பகல் வெயிலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரவைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. ஆறு உண்டு நீரில்லை, மலை உண்டு மரமில்லை, கோட்டை உண்டு அரசனில்லை என்று நம் ஊரைக் கேலி பேசுவார்கள் அல்லவா? மரமில்லாத அந்தப் பாறைகளும், நம் காலடியில் இருக்கும் கான்கிரீட் தளமும் பகலெல்லாம் குடித்த சூட்டை முன்னிரவு முழுவதும் திருப்பிக் கொடுக்கின்றன. மூடிய குடிலுக்குள் இருக்கும் செடிக்கு இராத்திரியிலும் ஓய்வில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. குடில் கட்டிய முதல் ஆண்டில், சித்திரை மாத முகூர்த்தம் ஒன்றுக்காகக் காலையில் ஆரணிக்குப் புறப்பட்ட நான், குரங்குகளுக்குப் பயந்து பக்கத் தாள்களை இறக்கிக் கட்டிவிட்டுப் போனேன். மாலை ஐந்து மணிக்குத் திரும்பி வந்து கதவைத் திறந்தால், குழித்தட்டுகளில் நிமிர்ந்து நின்ற மிளகாய் நாற்றுகள் அத்தனையும் வேகவைத்து இறக்கிய கீரையைப் போலக் கரும்பச்சையாகத் தட்டோடு ஒட்டிக் கிடந்தன. தண்ணீர் வற்றியிருக்கவில்லை. தட்டின் அடியில் தேங்கியிருந்த தண்ணீரில் விரலை வைத்தேன், சுட்டது.

ஆகவே, நான்கு பக்கத் தாள்களையும் இன்றே அவிழ்த்துவிடுங்கள். அந்த இடத்தில் 40 மெஷ், அதாவது ஓர் அங்குலத்துக்கு நாற்பது கண்கள் கொண்ட, பூச்சி வலையைக் கட்டுங்கள். கூரைத் தாளை மழைக்காலத்துக்காக மட்டும் வைத்துக்கொண்டு, பங்குனி முதல் ஆடி வரை அதைச் சுருட்டி நிழலில் வைத்துவிட்டு, வெயிலில் பாதியைத் தடுக்கும் 50 சதவீத நிழல்வலையைப் போடுவது நல்லது. தாளை எடுக்க முடியாதபடி கட்டியிருந்தால், அதற்கு மேலே ஓரடி முதல் ஒன்றரை அடி வரை இடைவெளி விட்டு நிழல்வலையை இழுத்துக் கட்டுங்கள். வலையும் தாளும் ஒட்டிக் கிடந்தால் வலை வாங்கிய சூடு தாளுக்குள் இறங்கும்; இடையில் காற்று ஓடினால் அங்கேயே கலைந்துவிடும். கூரையின் உச்சியில் நீளவாட்டில் ஒரு திறப்பு இருக்க வேண்டும், ஏனென்றால் சூடான காற்று பக்கவாட்டில் போவதைவிட மேலே போவதற்கே துடிக்கும். குழாய்களை மாற்றும் எண்ணம் இருந்தால் நடு உயரத்தைப் பத்தடியாவது வையுங்கள். ஆறடிக் குடிலில் ஆளுக்கே மூச்சு முட்டும்.

சாதாரண வெப்பமானி ஒன்றை வாங்கி, வெயில் நேரடியாகப் படாதபடி ஓர் அட்டையின் மறைவில், செடியின் நடு உயரத்தில் தொங்கவிடுங்கள். பிற்பகல் இரண்டரை மணிக்கு உள்ளேயும் வெளியேயும் படித்துப் பாருங்கள். உள்ளே இரண்டு டிகிரிக்கு மேல் கூடுதலாக இருந்தால் காற்றோட்டம் இன்னும் போதவில்லை என்று பொருள். இந்த ஆண்டுத் தக்காளியை இனி மீட்க முடியாது. ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ விதைத்தால், கார்த்திகையிலிருந்து மாசி வரை பறிக்கலாம். அந்தச் சமயத்தில் கூரைத் தாள் வடகிழக்குப் பருவமழையிலிருந்து செடியைக் காத்து, இலைக்கருகலைக் குறைத்து, போட்ட பணத்துக்கு வேலை செய்யும்.

கேள்வி: கடைகளில் பச்சை நிற நிழல்வலைதான் கிடைக்கிறது. வெள்ளை, கறுப்பு என்றும் சொல்கிறார்கள். நிறத்தில் என்ன இருக்கிறது? (வாசகர், சத்துவாச்சாரி)

பதில்: கொஞ்சம் இருக்கிறது. பச்சை வலை பச்சை ஒளியைத் தாராளமாக உள்ளே விட்டு, செடிக்கு அதிகம் பயன்படும் சிவப்பு, நீல ஒளியைக் கூடுதலாகத் தடுக்கிறது. கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் அந்த வெளிச்சம் இலைக்கு அவ்வளவாக உதவுவதில்லை. கறுப்பு வலை எல்லா நிற ஒளியையும் ஒரே அளவில் குறைக்கும், ஆனால் தானே சூடேறும்; எனவே அதை உயரத்தில் கட்ட வேண்டும். வெள்ளை வலை ஒளியைச் சிதறடித்து அடி இலைகள் வரை அனுப்பும், சூடும் குறைவு. கிடைத்தால் வெள்ளையை வாங்குங்கள், கிடைக்காவிட்டால் கறுப்பு. ஏற்கெனவே பச்சை கட்டியிருந்தால் அதற்காக அவிழ்த்து எறிய வேண்டாம். கீரைக்கும் நாற்றுக்கும் அது போதும். நிறத்தைவிடச் சதவீதம்தான் முக்கியம். 75 சதவீத வலையின் கீழே காய்ச் செடி வைப்பது வீண் வேலை. அது கார் நிறுத்தும் இடத்துக்கான வலை.

கேள்வி: எங்கள் வீடு கட்டி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மாடி முழுவதும் ஓரடி உயரத்துக்குச் செங்கல் பாத்தி கட்டி மண் நிரப்பி, அதன் மேல் குடில் அமைக்கலாமா? குழாய்களை நிறுத்தத் தளத்தில் துளை போட வேண்டும் என்று பற்றவைப்புக்காரர் சொல்கிறார். (வாசகர், குடியாத்தம்)

பதில்: இரண்டும் வேண்டாம். ஏறி நடமாடக்கூடிய மொட்டைமாடிக்கு ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற அளவில்தான் நம் நாட்டுக் கட்டுமானத் தரவிதி பாரத்தைக் கணக்கிடுகிறது. நனைந்த மண் ஓரடி உயரத்துக்கு நின்றால் அதே சதுர மீட்டரில் ஏறக்குறைய 500 கிலோ வரும். ஒரு சதுர மீட்டருக்கு ஒன்று என்று 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டிகளை மாடி முழுவதும் அடுக்கி வைத்ததற்கு அது சமம். இன்றைக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். தளத்தின் அடியில் வெடிப்புத் தெரிந்த பிறகு மண்ணைக் கூடை கூடையாக இறக்குவது பெரும்பாடு.

கழுவிய தென்னை நார்க்கழிவு, மட்கிய எரு அல்லது மண்புழு உரம், செம்மண் மூன்றையும் கலந்து, செம்மண்ணை நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டு, வளர்பைகளில் நிரப்புங்கள். நனைந்த பிறகும் ஒரு பை பன்னிரண்டு, பதினைந்து கிலோவுக்குள் நிற்கும். கனமான தொட்டிகளையும் தண்ணீர்ப் பீப்பாய்களையும் கீழே சுவரோ உத்தரமோ செல்லும் இடங்களின் மேலே வரிசையாக வைத்து, அறையின் நடுப்பகுதிக்கு மேலே நடைபாதை வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். பைகளை நேரடியாகத் தளத்தில் வைக்காமல், இரும்புச் சட்டத்தின் மேலோ பழைய பலகையின் மேலோ நான்கு விரற்கடை உயர்த்தி வைத்தால் கீழே ஈரம் தங்காது, வேருக்கும் தளத்தின் சூடு ஏறாது.

தளத்தில் துளை போட்டால், குழாயை அடித்தட்டோடு எவ்வளவு நேர்த்தியாகப் பதித்தாலும், ஐப்பசி மழையில் வரவேற்பறைக் கூரையில் கசிவு தெரிந்துவிடும். பழைய பெயின்ட் வாளிகளில் குழாயை நிறுத்திக் கான்கிரீட் ஊற்றி, அவற்றை மூலைகளில் வைத்து, கைப்பிடிச் சுவரோடு வளையம் போட்டு இறுக்கினால் போதும். அந்தப் பற்றவைப்புக்காரரே இதைச் செய்து தருவார்.

கேள்வி: எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. வெளியில் இருக்கும் செடிகள் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன; அதே நீரை ஊற்றிக் குடிலுக்குள் வளர்க்கும் பீன்ஸ் மட்டும் இலை நுனி காய்ந்து நிற்கிறது. மண்ணின் மேல் வெள்ளையாகப் பூக்கிறது. ஏன் இந்த வேறுபாடு? (வாசகி, பேரணாம்பட்டு)

பதில்: மிகச் சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். வெளியில் இருக்கும் செடிக்கு ஆண்டுக்குச் சில முறையாவது மழை பெய்து, மண்ணில் சேர்ந்த உப்பைக் கரைத்துக் கீழே இறக்கிவிடுகிறது. குடிலின் கூரை அந்த மழையைத் தடுத்துவிடுவதால், நீங்கள் ஊற்றும் ஒவ்வொரு குவளைத் தண்ணீரிலும் இருக்கும் உப்பு பைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நீரைச் செடி குடிக்கிறது, உப்பு மேலே வந்து பூக்கிறது. சொட்டுநீர் போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம், ஏனென்றால் சொட்டுச் சொட்டாக விழும் நீர் பையின் அடிவரை போய் வெளியேறுவதே இல்லை.

தண்ணீர் சுத்திகரிப்பான் பழுதுபார்க்க வருபவர் கையில் வைத்திருக்கும், நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரே முதல் சோதனைக்குப் போதும். லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால் எந்தப் பயிருக்கும் கவலையில்லை. 2000-ஐத் தாண்டினால் அந்த நீரைத் தனியாக ஊற்றிக் குடிலில் காய்கறி வளர்க்க நினைக்க வேண்டாம். இடைப்பட்ட அளவில் இருந்தால் பயிரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பீன்ஸ், கேரட், முள்ளங்கி, வெங்காயம் ஆகியவை உப்பைத் தாங்காதவை, நீங்கள் வைத்ததோ அதில் முதலாவது. தக்காளி நடுத்தரம். பீட்ரூட்டும் அதன் நெருங்கிய உறவான பாலக்கீரையும் நன்றாகவே தாங்கும்.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை, பையின் அடித்துளை வழியாகத் தண்ணீர் தாராளமாக ஓடும் அளவுக்கு நிறுத்தி நிறுத்தி ஊற்றுங்கள். அதற்கு மழைநீர் இருந்தால் மிகவும் நல்லது. நூற்றிருபது சதுர அடிக் கூரையின் மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 110 லிட்டர் நீர் கிடைக்கும். கூரையின் சரிவில் பாதியாக அறுத்த பி.வி.சி. குழாயைக் கட்டி, இரண்டு 200 லிட்டர் பீப்பாய்களில் விட்டால், நான்கு சென்டிமீட்டர் மழைக்கே இரண்டும் நிறைந்துவிடும். கொசு வலை கட்டி மூட மறந்துவிடாதீர்கள். ஐப்பசியில் கனமழை வரும் இரண்டு நாள்களுக்குப் பைகளை வெளியே நகர்த்தி நனையவிடுவதும் நல்ல மருந்துதான். சுத்திகரிப்பானிலிருந்து வெளியேறும் கழிவுநீரை மட்டும் செடிக்கு ஊற்றாதீர்கள், உங்கள் கிணற்று நீரைவிட அதில் உப்பு அதிகம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் தோல் பதனிடும் கழிவால் கெட்ட கதை, 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன கதை. அத்தகைய தொழில் நடந்த இடங்களுக்கு அருகில் உங்கள் கிணறு இருந்தால், டி.டி.எஸ். மீட்டர் உப்பின் மொத்த அளவை மட்டுமே காட்டும், குரோமியம் போன்ற உலோகங்களைத் தனியே காட்டாது. சாப்பிடும் கீரைக்கு ஊற்றும் நீரை ஒரு முறையாவது ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். எங்கே கொடுப்பது என்பதை விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

கேள்வி: எங்கள் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரியைக் குடிலுக்குள் வளர்த்தால் அதே சுவை வருமா? (வாசகர், அணைக்கட்டு)

பதில்: 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற காய் அது. அந்தக் குறியீட்டின் பொருளே அந்த மண்ணும் அந்தத் தட்பவெப்பமும் சேர்ந்துதான் அந்தக் காய் என்பது. நார்க்கழிவு நிரப்பிய பையில் அதே சுவையை எதிர்பார்ப்பது கொஞ்சம் பேராசை. ஆனாலும் வளர்க்கலாம், அதற்கு ஒரு நல்ல காரணமும் இருக்கிறது. கத்தரியின் பெரிய எதிரி தண்டையும் காயையும் துளைக்கும் புழு. அதன் தாய் அந்துப்பூச்சி 40 மெஷ் வலைக்குள் நுழைய முடியாது. மருந்தடிக்காமல் கத்தரி சாப்பிட வேண்டும் என்றால் இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. கத்தரிக்கு வெயில் வேண்டும், ஆகவே பக்கங்களில் பூச்சி வலை, கூரையிலும் அதே பூச்சி வலை. நிழல்வலை கத்திரி வெயில் நாள்களுக்கு மட்டும். நாற்றைக் கடையில் வாங்கி உள்ளே கொண்டுபோனால் புழுவின் முட்டையையும் சேர்த்துக் கொண்டுபோவீர்கள். உங்கள் ஊரில் தெரிந்த விவசாயியிடம் ஒரு பழுத்த காயைக் கேட்டு வாங்கி, விதை எடுத்து, குடிலுக்குள்ளேயே நாற்று விடுங்கள்.

கேள்வி: பூச்சி வலைக்குள் பீர்க்கை வைத்தேன். கொடி கூரையைத் தொட்டுவிட்டது, பூவும் பூக்கிறது. சுண்டுவிரல் அளவுப் பிஞ்சுகள் மட்டும் மஞ்சளாகி விழுகின்றன. (வாசகி, ஆரணி)

பதில்: வலை வெள்ளை ஈயோடு தேனீயையும் வெளியே நிறுத்திவிட்டது. பீர்க்கு, சுரை, புடலை, பாகல் எல்லாவற்றிலும் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. நீங்கள் பிஞ்சு என்று சொல்வது உண்மையில் பெண் பூவின் அடிப்பகுதி; மகரந்தம் சேர்ந்தால்தான் அது காயாகும். தேனீயின் வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். அதற்கு நேரம் தெரிந்திருக்க வேண்டும். பீர்க்கும் சுரையும் மாலையில் மலர்பவை. புடலை பொழுது சாய்ந்த பிறகு நூல் நூலாக விரியும். பாகலும் பூசணியும் அதிகாலைப் பூக்கள். பலரும் காலையில் காப்பி குடித்த கையோடு மாடிக்குப் போய் வாடிய பீர்க்கம்பூவைத் தடவிவிட்டு வருகிறார்கள். மாலை விளக்கேற்றும் நேரத்தில் போய், அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறித்து, இதழ்களை நீக்கிவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேயுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூக்களுக்குப் போதும். மறுநாளைக்கு மறுநாள் காம்பு தடித்துப் பிஞ்சு கீழே வளைந்தால் வேலை நடந்துவிட்டது.

தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றுக்கும் இந்தத் தொல்லை இல்லை. ஒரே பூவில் இரண்டும் இருப்பதால், காலை ஒன்பது, பத்து மணிக்குக் கொடி கட்டிய கயிற்றைச் சுண்டிவிட்டாலே போதும். வெள்ளரி வைக்க ஆசையிருந்தால், மகரந்தம் சேராமலே காய்க்கும் ரகங்கள் குடில்களுக்கென்றே இருக்கின்றன. விதை உறையில் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: நூறு, நூற்றிருபது சதுர அடிக் குடிலில் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய எல்லாக் காய்கறிகளையும் விளைவித்துவிடலாம் என்கிறார்களே? (வாசகர், வாலாஜாபேட்டை)

பதில்: முடியாது. நடக்கும் வழியை விட்டால் எழுபது சதுர அடிதான் மிஞ்சும். அதில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் போடுவது இடத்துக்குச் செய்யும் துரோகம். சந்தையில் மலிவாக நல்லதாகக் கிடைப்பதைச் சந்தையிலேயே வாங்கிக்கொண்டு, கிடைக்காத பருவத்தில் கிடைக்காததை விளைவிப்பதுதான் குடிலின் வேலை. கோடையில் கொத்தமல்லிக் கட்டு வாங்கப் போனால் விலையையும் பார்க்க வேண்டாம், வாடலையும் பார்க்க வேண்டாம். தனியாவை இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்து, 50 சதவீத நிழலில் பத்து நாளுக்கு ஒரு பையாக விதைத்துக்கொண்டே வந்தால், முப்பத்தைந்து, நாற்பது நாளில் முதல் பை பறிப்புக்கு வரும். அதன் பிறகு சித்திரையிலும் இரசத்துக்குத் தழை தட்டாது. புதினாவும் பாலக்கும் அதே நிழலில் வரும். சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை மூன்றும் முழு வெயிலைக் கேட்பவை. கோடையில் அவற்றைக் குடிலுக்கு வெளியே வையுங்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில், அடைமழையில் கீரையெல்லாம் மண் தெறித்து அழுகும் நாள்களில், அவற்றுக்குக் கூரைத் தாளின் கீழ் இடம் கொடுங்கள். சிறுகீரை இருபத்தைந்து நாளில் வேரோடு பிடுங்கத் தயாராகிவிடும்.

என்னைக் கேட்டால், குடிலின் முதல் பயன் நாற்றங்கால்தான். மிளகாய்க்கும் தக்காளிக்கும் வரும் இலைச்சுருட்டை பெரும்பாலும் இளம் பருவத்திலேயே தொற்றிக்கொள்கிறது. தக்காளியில் அதைக் கொண்டுவருவது வெள்ளை ஈ. மிளகாயில் இலைப்பேனும் சிலந்திப்பேனும்கூடச் சுருட்டிவிடும். 98 குழிகள் கொண்ட ஒரு தட்டு இரண்டடி நீளம்தான். வலைக்குள் தக்காளி இருபத்தைந்து நாள், கத்தரி முப்பது முதல் முப்பத்தைந்து நாள், மிளகாய் நாற்பது நாள் பாதுகாப்பாக வளர்ந்து வெளியே போனால், பாதி நோய் அப்போதே கழிந்தது. ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்பார்கள். குடில் வைத்திருப்பவர் ஆனியிலேயே நாற்று விட்டு, ஆடியில் நடவே செய்துவிடலாம். மிஞ்சும் நாற்றுகளை அக்கம்பக்கத்தில் கொடுத்துப் பாருங்கள், பதிலுக்கு வீட்டுக்கு மோர்மிளகாய் வரும்.

கேள்வி: சித்திரை, வைகாசியில் என் குடில் காலியாகக் கிடக்கிறது. வெறுமனே விட்டுவிடலாமா? (வாசகி, இராணிப்பேட்டை)

பதில்: மற்ற பத்து மாதமும் நம்மைப் படுத்தும் வெப்பம் இந்த இரண்டு மாதம் வேலைக்காரனாக வரும்போது விடலாமா? முதலில் மண். ஒரே பையில் தொடர்ந்து தக்காளி, கத்தரி வைத்தால் வேர்முடிச்சு நூற்புழுவும் வாடல் நோய்ப் பூஞ்சையும் சேர்ந்திருக்கும். செடியைப் பிடுங்கும்போது வேரில் மணி மணியாகப் புடைப்பு தெரிந்தால் அதுதான் நூற்புழு. எல்லாப் பைகளின் மண்ணையும் ஒரு தார்ப்பாயில் அரையடி உயரத்துக்குப் பரப்பி, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு நனைத்து, மெல்லிய, நிறமற்ற பாலித்தீன் தாளால் மூடி, ஓரங்களைச் செங்கல்லால் அழுத்தி நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவிடுங்கள். கறுப்புத் தாள் போட்டால் தாள்தான் சூடாகும், மண் அவ்வளவாகச் சூடாகாது. அக்கினி நட்சத்திரம் முடிந்து திறக்கும்போது அந்த மண்ணில் புழுவும் களை விதையும் பெருமளவு ஒழிந்திருக்கும். நல்ல நுண்ணுயிர்களும் அதோடு குறைந்திருக்கும் என்பதால், மண்புழு உரம் புதிதாகக் கலந்து பத்து நாள் கழித்து விதையுங்கள்.

அடுத்தது வற்றல். இந்த ஒரு வேலைக்குப் பாலித்தீன் கூரையைப் போலச் சிறந்தது வேறில்லை. திறந்த மாடியில் வடகம் பிழிந்தால் காக்கைக்கும் அணிலுக்கும் தூசிக்கும் நடுவே பகலெல்லாம் ஒருவர் கோலோடு உட்கார்ந்திருக்க வேண்டும், கோடைமழை தூறினால் ஓடிப்போய் அள்ள வேண்டும். குடிலுக்குள் கயிற்றுக் கட்டிலின் மேல் வெள்ளைத் துணி விரித்துப் பரப்பினால், மோர்மிளகாய், சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை எல்லாம் திறந்த வெயிலைவிட விரைவாகக் காய்கின்றன. கதவைப் பூட்டி மூடிவிட்டால் மட்டும் காயிலிருந்து எழும் ஈரம் தாளின் அடியில் துளித்துளியாகக் கோத்து மறுபடி வற்றலின் மேலேயே சொட்டும். கீழே ஒரு சாண், உச்சியில் ஒரு சாண் திறந்து வைத்தால் ஈரம் ஏறிப் போய்விடும். என் வீட்டில் இந்தக் குடிலின் மேல் இருக்கும் மதிப்பெல்லாம் இந்த இரண்டு மாதத்தில் சம்பாதித்ததுதான்.

கேள்வி: மலையடிவாரத்தில் வீடு. குரங்கு வலையைக் கிழித்துவிடுகிறது. (வாசகர், வேலூர்)

பதில்: நைலான் வலை எதுவும் குரங்கைத் தடுக்காது. வெளிப்புறம் இரும்புக் கம்பி வலை, உள்ளே பூச்சி வலை என்று இரண்டு அடுக்கு வேண்டும். செலவு கூடும். அதற்கு மனமில்லாவிட்டால் பழுக்கும் காய்களை விட்டுவிட்டுக் கீரையோடும் நாற்றோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: சென்ற கார்த்திகையில் புயல் காற்று கூரைத் தாளைக் குழாயோடு பிய்த்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் போட்டுவிட்டது. இன்னும் கனமான தாள் போடலாமா? (வாசகி, ஆற்காடு)

பதில்: 200 மைக்ரான், புறஊதாக் கதிரைத் தாங்கும்படி செய்த தாள் போதும், அது மூன்று ஆண்டுக்கு மேல் உழைக்கும். சாதாரணப் பாலித்தீன் ஒரு கோடையிலேயே பொடிந்துவிடும். ஆனால் கனம் கூடினால் காற்றுக்குப் பிடிமானம் குறையும் என்று நினைப்பது சரியல்ல, கப்பலின் பாயைத் தடிமனாக்கியது போலத்தான் ஆகும். கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தும், வங்கக் கடலில் உருவாகிக் கரையேறும் புயல்கள் நம் பக்கம் காற்றையும் மழையையும் கொண்டுவந்தே தீரும். 2016-இல் வர்தாவும் 2022-இல் மாண்டஸும் டிசம்பரில்தான் வந்தன. ஆணியும் கயிறும் போட்டுத் தாளை நிரந்தரமாகக் கட்டுவதற்குப் பதிலாக, குழாயில் பள்ளமான உலோகப் பட்டையைப் பொருத்தி, அதில் வளைவு வளைவான கம்பிச் சுருளை அழுத்தித் தாளைப் பிடிக்கும் முறையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் கம்பி சரசரவென்று கழன்று வரும், ஒருவரே கால் மணி நேரத்தில் தாள் முழுவதையும் உருவிவிடலாம். தாள் குழாயில் படும் இடங்களில் குழாய்க்கு வெள்ளைச் சாயம் பூசுங்கள், சூடான இரும்பு பட்டுப் பட்டுத்தான் அந்த மடிப்புகளில் முதலில் கிழிகிறது. புயல் எச்சரிக்கை வந்த அன்று மாலையே தாளை உருவி, சுருட்டி, மாடிப்படியின் அடியில் வைத்துவிடுங்கள். வெறும் குழாய்களின் நடுவே காற்று புகுந்து போய்விடும். இரண்டு நாள் மழையில் நனைவதால் தக்காளிக்கு ஒன்றும் ஆகாது. பைகளில் சேர்ந்த உப்பும் அந்த மழையோடு இறங்கும்.